பிக்கப்பின் பின்பக்கத்தை உயர்த்த ஷேக்கில் தட்டு செய்வது

ஷேக்கில் என்பது லீஃப் ஸ்பிரிங்கின் (பட்டை வில்லின்) ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் இரட்டைத் தட்டு. அது 50 மி.மீ. நீண்டால் வண்டி ஏறுவது சுமார் 25 மி.மீ.தான், லீஃப் ஸ்பிரிங்கின் ஒரு முனைதானே இறங்குகிறது.

10 மி.மீ. மைல்ட் ஸ்டீல் பட்டையில் நான்கு துண்டு. நான்கையும் ஒன்றாகக் கிளாம்ப் போட்டு, முதலில் 5 மி.மீ. துளை, பிறகு போல்ட் அளவு. கேஸ் கட்டர் தீயில் ஓட்டை போடவே வேண்டாம்: துளை கோணும், போல்ட் ஆடும், தட்டு கிழியும். போல்ட் 10.9 கிரேடு. பினாங்குக் கடற்காற்றுக்கு ஸிங்க் பிரைமர் கட்டாயம்.

சேஸிஸுக்கு ஸ்டாண்ட் கொடுத்து மாட்டுங்கள். கடைசி முறுக்கு, சக்கரம் தரையில் நின்ற பிறகே. தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் (போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் உறை) முறுக்கிக் கிழியும்.

பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா பாருங்கள். சுமையறியும் பிரேக் வால்வு இருந்தால் அதன் கம்பியைச் சரிசெய்யுங்கள். இல்லையேல் வண்டி காலி என்றெண்ணிப் பின்பிரேக்கைக் குறைத்துவிடும். ஜேபிஜே (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) விதியைக் கேட்டுவிட்டே வெட்டத் தொடங்குங்கள்.