துருவுக்கு வினிகர், ஆனால் பாக்கெட் வாட்சுக்கு வேண்டாம்

துருப்பிடித்த ஸ்பேனர், உளி, இடுக்கி எதுவானாலும் வெள்ளை வினிகரில் முழுசாக மூழ்கும்படி ஒரு ராத்திரி போட்டு வையுங்கள், காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தாலே துரு கறுப்புச் சேறாகக் கழன்று வரும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள், பிசுக்குக்கு அடியில் வினிகர் இறங்காது.

வினிகரில் 5 சதவீதம் அளவுக்கு இருக்கும் அசிட்டிக் அமிலம்தான் துருவைக் கரைக்கிறது, அதனால் உப்புத்தாள் எட்டாத மரையிலும் மூட்டிலும்கூட வேலை நடக்கும். துரு தீர்ந்ததும் அதே அமிலம் நல்ல இரும்பையும் அரிக்கும் என்பதால் நாள்கணக்கில் ஊறவிடாதீர்கள். எடுத்தவுடன் சமையல் சோடா கலந்த தண்ணீரில் முக்கி, அலசி, ஹேர் டிரையரால் சுடச்சுடக் காயவைத்து எண்ணெய் பூசிவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் கண்ணெதிரிலேயே ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு படரும், அவ்வளவு வேகம்.

குரோம், நிக்கல் முலாம் பூசியவை, அலுமினியம், மரக்கைப்பிடி இதற்கு ஆகாது. பழைய பாக்கெட் வாட்சின் உள்பாகங்களுக்கு அறவே வேண்டாம், நீலம் ஏற்றிய திருகுகளின் நிறத்தை வினிகர் தின்றுவிடும். சரி, ஸ்பிரிட் போடலாமா என்றால் அதுவும் ஆபத்து, ஏனென்றால் பேலட் கற்களை, அதாவது வாட்சின் பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடும் நெம்புகோலில் உள்ள சின்னக் கற்களை, ஒட்டியிருக்கும் அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். இருட்டில் ஒளிரும் பழைய டயலில் கதிரியக்கம் உள்ள ரேடியம் இருக்கலாம், அதைச் சுரண்டவே கூடாது.