புது லேப்டாப் பேட்டரி நீடித்து உழைக்க

புது லேப்டாப் வாங்கிய பிள்ளைகள் முதலில் கேட்பது, "அண்ணே, முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ் போடணுமாமே?" என்பதுதான். தேவையில்லை. அது நிக்கல் பேட்டரி காலத்துப் பழக்கம். இப்போது வருவதெல்லாம் லித்தியம் அயன். நிறைந்ததும் தானாகவே ஏறுவதை நிறுத்திக்கொள்ளும். டப்பாவைப் பிரித்த உடனே வேலையைத் தொடங்கலாம்.

தண்டையார்பேட்டையில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். காசிமேடு, ராயபுரம், வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று சுற்றுவட்டாரத்து மெஷின்கள் என் மேஜைக்கு வருகின்றன. நம் பக்கம் பேட்டரிகள் சீக்கிரம் போவதற்கு நான் பார்த்த வரையில் பெரிய காரணம் சூடுதான். அதோடு முழு சார்ஜும் சேர்ந்துகொண்டால் சேதம் இரட்டிப்பு. லித்தியம் அயன் பேட்டரியை 40 சதவீத சார்ஜோடு 25 டிகிரியில் ஒரு வருடம் சும்மா வைத்திருந்தால் சுமார் 4 சதவீதக் கொள்ளளவு குறையும். அதையே முழு சார்ஜில், 40 டிகிரியில் வைத்திருந்தால் 35 சதவீதம் வரை போய்விடும். அக்னி நட்சத்திரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மதியம் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த வீட்டில் நாள் முழுக்க சார்ஜரில் மாட்டிய லேப்டாப் 100 சதவீதத்திலேயே கிடக்கிறது.

அதனால் வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தி வைப்பது. லெனோவோவில் வான்டேஜ் என்ற செயலிக்குள் கன்சர்வேஷன் மோடு இருக்கும். அசூஸில் மைஅசூஸ் செயலி. எச்பி, டெல் மாடல்கள் பலவற்றில் பயாஸுக்குள்ளேயே, அதாவது விண்டோஸ் தொடங்குவதற்கு முன் திறக்கும் செட்டிங் திரையிலேயே, இதை மாற்றும் வசதி உண்டு. இதைப் போட்டுவிட்டால் சார்ஜர் மாட்டியே இருந்தாலும் கவலையில்லை. 2011-இல் அரசு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கிய காலத்தில் பேட்டரியைத் தனியாகக் கழற்றி வைப்போம். இப்போது அது உடம்புக்குள் திருகாணி போட்டு இருக்கிறது, அந்த யோசனை இனி உதவாது.

"கரென்ட் போனால் என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது வடசென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. புயல் எச்சரிக்கை வந்தால், அல்லது மறுநாள் மின்தடை என்று அறிவிப்பு வந்தால், அன்றைக்கு மட்டும் 100 வரை ஏற்றிக்கொள்ளுங்கள். எப்போதாவது நிறைப்பதால் ஒன்றும் ஆகாது. நாள் கணக்கில் நிறைந்தபடியே, அதுவும் சூட்டில் கிடப்பதுதான் கெடுதல்.

சூட்டைக் குறைக்கும் வழி எல்லாம் எளிதுதான். மெத்தை மேலும் தலையணை மேலும் வைக்காதீர்கள், அடியில் இருக்கும் காற்றுத் துளை அடைபடும். ஒரு பலகையோ பரீட்சை அட்டையோ போதும். வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் சீட்டுக்கடியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். வீடியோ எடிட்டிங், கேம் போன்ற கனமான வேலையைக் கூடுமானவரை காலையிலோ இரவிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் புழுதி. எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலிப் பக்கமும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசி வீட்டுக்குள் வந்து ஃபேனில் படிகிறது. கடலோர ஈரமும் சேர்ந்தால் அது களிம்பு மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஃபேன் சுற்றும், காற்று போகாது. உள்ளே இருக்கும் பேட்டரி வேகும். நம் ஏரியாவில் இருப்பவர்கள் வருடம் ஒரு முறையாவது திறந்து சுத்தம் செய்தே ஆக வேண்டும். இதை மட்டும் யாரும் தள்ளிப்போடக் கூடாது என்பது என் ஆசை.

ஒரு சார்ஜில் எத்தனை மணி நேரம் ஓடும் என்பது வேறு கணக்கு. இதில் பெரிய தீனி தின்பது திரை. வெளிச்சத்தைப் பாதிக்குக் கொண்டுவாருங்கள். ஒரு நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதுதான் திரையின் ஹெர்ட்ஸ் கணக்கு. 120, 144 ஹெர்ட்ஸ் திரை என்றால் பேட்டரியில் ஓட்டும்போது 60-க்கு மாற்றுங்கள். எனர்ஜி சேவரைப் போடுங்கள். திறந்தவுடன் தானாகக் கிளம்பும் செயலிகளில் வேண்டாததை நிறுத்துங்கள். விளம்பரத்தில் சொல்லும் நேரத்தைப் பெரும்பாலும் குறைந்த வெளிச்சத்தில் வீடியோ ஓட்டி அளக்கிறார்கள், அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம். வாங்கிய முதல் சில நாட்கள் அப்டேட் இறங்கிக்கொண்டே இருக்கும், அதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள்.

விம்கோ நகரில் மெட்ரோ ஏறி கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் இதைக் கவனியுங்கள். மூடியை மூடிப் பையில் போட்டாலும் பல புது லேப்டாப்கள் முழுதாகத் தூங்குவதில்லை. இணையத்தோடு தொடர்பில் இருந்து பைக்குள்ளேயே சூடாகின்றன. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி, அதாவது திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டு முழுதாக அணையும்படி, மாற்றுங்கள். இறங்கும்போது சார்ஜ் அப்படியே இருக்கும்.

முதல் வாரத்திலேயே பேட்டரி ரிப்போர்ட் ஒன்று எடுத்து வையுங்கள். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, 'பவர்' என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளைச் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்வுக்கோடு போட்டு 'பேட்டரிரிப்போர்ட்' என்று இடைவெளியில்லாமல் அடித்தால் ஒரு கோப்பு உருவாகும். அதில் டிசைன் கெபாசிட்டியும் (தயாரித்தபோது வைத்த கொள்ளளவு) ஃபுல் சார்ஜ் கெபாசிட்டியும் (இப்போது நிறையும் அளவு) கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். புதுசு என்று வாங்கியதில் சைக்கிள் கவுன்ட், அதாவது எத்தனை முழு சார்ஜ் அளவுக்கு ஓடியிருக்கிறது என்ற எண்ணிக்கை, அதிகமாகக் காட்டினால் உடனே கடைக்காரரிடம் கேளுங்கள். பல கம்பெனிகள் பேட்டரிக்கு ஒரு வருட வாரண்டிதான் தருகின்றன. அது முடிவதற்குள் இன்னொரு முறை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ, மூடி சரியாக மூடாமல் போனாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். சார்ஜரைக் கழற்றி, அணைத்து, அழுத்தாமல் குத்தாமல் சர்வீஸுக்குக் கொண்டுவாருங்கள். பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடவே போடாதீர்கள். நம் பகுதிக் குப்பை கொடுங்கையூர் கிடங்குக்குப் போகிறது. அங்கே நசுங்கினால் தீப்பிடிக்கும், புகை நம் தெருக்களுக்குத்தான் வரும். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. மாற்றும்போதே கொடுத்துவிடுங்கள்.