மதுரைப் பக்கம் காட்டுப்பூ பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பங்குனி பிறந்தால் போதும், தெரிந்தவர்களில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "வசந்தம் வந்துருச்சே, காட்டுப்பூ பாக்க எங்கயாவது கூட்டிட்டுப் போங்க." கூட்டிக்கொண்டு போவேன். கீழக்குயில்குடியில் இறங்கி, தாமரைக் குளத்தைத் தாண்டி சமணமலை அடிவாரத்தில் நடக்க ஆரம்பித்த அரைமணி நேரத்தில் பாதிப் பேருக்கு முகம் வாடிவிடும். தரை முழுக்கக் காய்ந்த புல். பூ எங்கே என்று தேடுவார்கள். எல்லாரும் செடிகொடி மேல் உண்மையான ஆசையோடு வந்தவர்கள்தான். சில தவறான எண்ணங்கள்தான் அவர்களுடைய நல்ல காலைப்பொழுதைக் கெடுத்துவிடுகின்றன.

முதல் தவறு, ஊரை மாற்றி நினைப்பது. ஐரோப்பா, அமெரிக்கா மாதிரி குளிர்நாடுகளில் பனிக்காலம் முடிந்ததும் காட்டுத் தரை பூத்துக் குலுங்கும். மேலே இருக்கும் மரங்கள் இலை விட்டு நிழல் கட்டுவதற்குள், கீழே இருக்கும் சிறு செடிகள் கிடைக்கிற வெயிலில் அவசரமாகப் பூத்து முடித்துவிடும். அங்கே வசந்தகாலப் பூ நடை என்பது குனிந்து பார்க்கும் நடை. நமக்கு அப்படி இல்லை. நம் தரைச்செடிகளுக்கு வசந்தம் என்பது வடகிழக்குப் பருவமழைதான். ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கினால் மார்கழி, தை வரைக்கும் தும்பை, விஷ்ணுகிராந்தி, ஓரிதழ் தாமரை, செங்காந்தள் என்று காலடியில் பூக்கும். மாசிக்கு மேல் அந்தச் செடிகள் விதையாகிவிடும். அப்புறம் நிமிர்ந்து பார்க்க வேண்டிய காலம். இலையெல்லாம் உதிர்ந்த மொட்டை மரத்தில் இலவம் செக்கச்செவேல் என்று பூத்திருக்கும். கோங்கும் அப்படித்தான், ஓர் இலைகூட இல்லாமல் பொன்மஞ்சளாக நிற்கும். பங்குனியில் புங்கமரத்தடியில் பொரியை இறைத்தது போலப் பூ கொட்டிக் கிடக்கும். வேம்பும் மாவிலங்கமும் கூடவே பூக்கும். சித்திரை வெயில் ஏற ஏறக் கொன்றை தொங்கும். இந்த மாதங்களில் பைனாகுலர் இருந்தால் எடுத்துவாருங்கள். பறவைக்கு மட்டும் என்றில்லை, இலவம்பூவைப் பார்க்கவும் அது வேண்டும்.

இல்லை, தரையில்தான் பார்க்க வேண்டும் என்றால் மலையை விட்டுவிட்டுக் கண்மாய்க்குப் போங்கள். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. மாசி, பங்குனியில் தண்ணீர் உள்வாங்க உள்வாங்க ஈரம் காயாத கரம்பையில் ஒரு தோட்டமே முளைக்கும். கொட்டைக்கரந்தை ஊதா உருண்டைகளாகப் பூத்திருக்கும். அதைக் கடந்து நடந்தாலே காலில் வாசம் ஏறும். தண்டைத் தொட்டுப் பார்த்தால் இருபக்கமும் இலை மாதிரி ஒரு விளிம்பு ஓடுவது தெரியும். பக்கத்திலேயே பொடுதலை பாய்போலப் படர்ந்து, தீக்குச்சித் தலை அளவு பூங்கொத்துகளை நீட்டிக்கொண்டிருக்கும். மதுரையைச் சுற்றி இத்தனை கண்மாய்கள் இருந்தும் யாரும் பூ பார்க்க அங்கே போவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

நேரம் தவறுவதும் உண்டு. விஷ்ணுகிராந்தியின் நீலம் காலையில்தான். உச்சிவெயிலுக்கு முன்பே பூ சுருங்கிவிடும். பத்து மணிக்கு மேல் கிளம்பி வந்து "இங்க ஒண்ணுமே இல்லையே" என்றால் அது செடியின் குற்றமல்ல. ஆறரைக்கெல்லாம் நடக்கத் தொடங்கி ஒன்பதரைக்குள் நிழலுக்கு வந்துவிடுவது நல்லது. துத்தி இதற்கு நேர்மாறு. காலையில் மூடிக்கொண்டிருக்கும், பிற்பகலுக்கு மேல்தான் மஞ்சள் பூவை விரிக்கும். காலையில் போன அதே வரப்பில் சாயங்காலம் நாலு மணிக்கு ஒருமுறை நடந்து பாருங்கள், வேறு இடத்துக்கு வந்த மாதிரி இருக்கும்.

பேருக்கு அவசரப்படுவது

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு என்று நான் நினைப்பது இதைத்தான். செடியைப் பார்த்த அடுத்த நொடி "இது பேரு என்ன?" பேரைச் சொன்னதும் குறித்துக்கொண்டு அடுத்த செடிக்கு ஓட்டம். அல்லது செல்போனில் பூவை மட்டும் ஒரு படம் எடுத்துச் செயலியிடம் கேட்பது. செயலி ஏதோ ஒரு பேரைச் சொல்லும். அதோடு செடி முடிந்துபோகும்.

ஆவாரையை எடுத்துக்கொள்வோம். பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூவோடு சேர்த்துக் கட்டுகிறோமே, அதே ஆவாரை. அதே மாதிரி ஐந்து மஞ்சள் இதழோடு தகரையும் பூக்கும், பேயாவாரையும் பூக்கும். பூவை மட்டும் படம் எடுத்தால் மூன்றும் ஒன்றாகத்தான் தெரியும். இலையைப் பாருங்கள். தகரையில் மூன்றே ஜோடிச் சிற்றிலைகள், நுனிப்பக்கம் அகன்றிருக்கும். காய் மெல்லிசாக, நீளமாக அரிவாள் போல வளைந்திருக்கும். பேயாவாரையின் சிற்றிலைகள் கூர்நுனி கொண்டவை, கசக்கினால் நாற்றம் வரும். ஆவாரையில் பத்து ஜோடி வரை சின்னச்சின்ன இலைகள் இருக்கும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காதுமடல் மாதிரி இரண்டு வட்டமான இலைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காதுமடலை ஒருமுறை பார்த்துவிட்டால் பூக்காத காலத்திலும் ஆவாரையை அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

எனவே படம் எடுப்பதென்றால் ஒன்றோடு நிறுத்தாதீர்கள். முழுச்செடி ஒன்று, இலை தண்டில் எப்படி அமைந்திருக்கிறது என்று ஒன்று, பூவின் முன்பக்கம், பின்பக்கம், காய் இருந்தால் காய். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுத்தால் அளவும் தெரிந்துவிடும்.

சரி, இனி அந்த ஆவாரை முன்னால் பத்து நிமிடம் உட்காருங்கள். கருவண்டு என்று நாம் சொல்லும் பெரிய கரிய தச்சுத்தேனீ வரும். இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தத்துக்காக மட்டும்தான் வருகிறது. மகரந்தப்பைகளும் மற்றப் பூக்களில் போல வெடித்துத் திறக்காது. உப்பு டப்பா மாதிரி நுனியில் சின்னத் துளைதான் இருக்கும். தேனீ அந்தப் பைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சிறகை விரிக்காமல் உடம்பை மட்டும் அதிர வைக்கும். பறக்கும்போது வரும் ரீங்காரம் வேறு, இது வேறு. சுருதி ஏறிய, விட்டுவிட்டு வரும் "ர்ர்ர்" சத்தம். அந்த அதிர்வில் துளை வழியே பொடி பீய்ச்சி அதன் வயிற்றில் அப்பிக்கொள்ளும். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் அந்தத் துளையை நீங்களே பார்க்கலாம். நாற்பது செடிக்குப் பேர் எழுதிக்கொண்டு போகிறவருக்கு இந்தச் சத்தம் கேட்காது.

ஊர்ப்பெயரை ஒரே பெயர் என்று நம்புவதும் சிக்கலில் கொண்டுவிடும். மேலே சொன்ன கோங்கு பொன்மஞ்சள் பூவுடைய மரம். மரக்கடைக்காரர் கோங்கு என்றால் அது முற்றிலும் வேறான ஒரு தடிமரம். வெட்டுக்காயப் பூண்டு, கிணற்றடிப்பூண்டு, தாத்தாப்பூ மூன்றும் ஒரே செடி. அறிவியல் பெயரையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஊர்ப்பெயரை எந்த ஊரில், யாரிடம் கேட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதற்கும் அதே அளவு மதிப்பு உண்டு.

"இது எதுக்கு மருந்து?"

பேருக்கு அடுத்து வரும் கேள்வி இது. கேட்பதில் தப்பில்லை. அங்கேயே கிள்ளி வாயில் போடுவதுதான் தப்பு, பெரிய தப்பு. செங்காந்தள் நம் மாநிலப் பூ. பச்சையும் மஞ்சளுமாக மலர்ந்து நாளாக ஆகச் சிவப்பேறும். இலை நுனியே சுருண்டு கொடிக்கையாகிப் பக்கத்துப் புதரைப் பற்றும். அவ்வளவு அழகு. அதன் உடம்பு முழுக்கக் கொல்கிசின் என்ற நஞ்சு, கிழங்கிலும் விதையிலும் இன்னும் அதிகம். கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் விதைக்காகவே இதைப் பயிர் செய்கிறார்கள், மருந்தாக மாற்றுவது ஆலை வேலை. காட்டில் நின்றுகொண்டு கையளவு, விரலளவு என்று சொல்லும் வைத்தியம் எதையும் கேட்காதீர்கள், நடத்துகிறவராக இருந்தால் சொல்லாதீர்கள். குழந்தைகள் கூட வந்தால் குன்றிமணியையும் ஊமத்தையையும் முதலிலேயே காட்டிச் சொல்லிவிடுங்கள். எருக்கம்பூவைப் பறித்த கையோடு கண்ணைக் கசக்கக் கூடாது, அந்தப் பால் விழிக்கு ஆகாது. செந்தட்டி, பூனைக்காலி இரண்டையும் தூரத்திலிருந்தே அடையாளம் காணப் பழகிக்கொள்ளுங்கள்.

செருப்போடு வராதீர்கள். சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். முழுக்கால் உடை, தண்ணீர், தொப்பி, அவ்வளவுதான். அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு ஏறும் சாலையில் போனால் தின்பண்டத்தைப் பைக்குள் வையுங்கள், குரங்குகள் விடாது. சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்க நினைத்தால் வனத்துறை அனுமதி வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம்.

ஒரு தை மாதம் நாகமலைப் பக்கம் ஒரு பாறைச்சரிவில் ஓரிதழ் தாமரை பூத்திருப்பதைக் காட்டினேன். இளஞ்சிவப்பில் ஒரே ஓர் இதழ் மட்டும் பெரிதாக நீட்டிக்கொண்டிருக்கும், மற்ற இதழ்கள் இருப்பதே தெரியாது. இருபதுக்கும் குறைவான செடிகள். நான் அடுத்த குழுவுக்கு விளக்கிவிட்டுத் திரும்புவதற்குள், பாடம்செய்து ஒட்டுவதற்கென்று கல்லூரிப் பிள்ளைகள் அத்தனையையும் வேரோடு பிடுங்கிக் கையில் வைத்திருந்தார்கள். அவர்கள்மேல் கோபம் வரவில்லை. முன்கூட்டியே சொல்லாதது என் தவறு. அதன்பின் ஒவ்வொரு நடையும் தொடங்கும்போதே சொல்லிவிடுகிறேன்: பறிக்க வேண்டாம். கீழே விழுந்ததை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கிளை அவசியம் தேவை என்றால் தாத்தாப்பூவிலும் உண்ணிச்செடியிலும் எடுங்கள். இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இங்கே மண்டிக் கிடப்பவை.

பொட்டல் என்று நினைப்பது

முள்ளும் பாறையுமாகக் கிடக்கும் இடத்தைப் பார்த்ததும் "சும்மா கிடக்கே, மரம் வைக்கலாமே" என்று சிலருக்குத் தோன்றும். பூ நடைக்கு விதைப்பந்தோடு வந்தவர்கள் உண்டு. நல்ல மனதோடு செய்கிறார்கள் என்பதால் தடுக்கவும் சங்கடமாக இருக்கும். ஆனாலும் தடுத்தே ஆக வேண்டும். பாறை இடுக்கில் விரலளவு மண்ணில் வாழும் செடிகளுக்கு வெயில் வேண்டும், அங்கே நிழல் கட்டினால் அவை போய்விடும். நரிவெங்காயம் அப்படி ஒன்று. கோடையில் இலையே இல்லாமல், வறண்ட தரையிலிருந்து ஒற்றைத் தண்டை நீட்டிப் பூக்கும். மழைக்குப் பிறகுதான் இலை விடும். அதைப் பார்க்காதவருக்கு அந்த இடம் பொட்டல். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.42 ஹெக்டேர் நிலத்தை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அங்கே இருப்பதும் இதே மாதிரி குன்றும் சுனையும் புதரும்தான்.

பேச்சு

நடைக்கு முன்னால் ஒரு மணி நேரம் பேசிவிடுவது ஏற்பாட்டாளர்கள் செய்யும் தவறு. நல்ல வெளிச்சமும் விரிந்த பூவும் அந்த ஒரு மணி நேரத்தில் போய்விடும். முன்னால் ஐந்து நிமிடம் போதும். மீதிப் பேச்சை நடை முடிந்து ஆலமரத்தடியில் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். பார்த்த செடியைப் பற்றி மட்டும் பேசுங்கள். பதினைந்து பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். ஒற்றையடிப் பாதையில் முப்பது பேர் நின்றால் பாதிப் பேர் செடியின் மேல்தான் நிற்பார்கள்.

வழியில் ஆடு மேய்க்கிறவர்களைக் கடந்து போய்விடாதீர்கள். ஒருமுறை ஒரு பெரியம்மாவிடம், "ஏன் பெரியம்மா, இந்தச் சரிவுல ஆவாரை மட்டும் இம்புட்டு நிக்கிதே?" என்று கேட்டேன். "அத ஆடு கடிக்காதுப்பா. கொழிஞ்சியையும் தொடாது. மத்ததெல்லாம் தின்னுபுடும், இது நிக்கும்" என்றார். அந்தச் சரிவில் ஏன் அந்தச் செடிகள் மட்டும் இருந்தன என்பதற்கு அன்று வந்திருந்த எங்களில் யாரிடமும் அந்த விடை இல்லை. அவரை உட்காரவைத்து இன்னும் கேட்டோம். அன்றைய பேச்சு அவருடையதாகவே ஆகிவிட்டது.

பேர் தெரியாத செடியைக் குறிப்பேட்டில் எழுதாமல் விடுகிறவர்கள் நிறையப் பேர். அதையும் எழுதுங்கள். போன பங்குனியில் என்னோடு வந்த பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதியிருந்தது இப்படி: "கண்மாய் உள்வாய், காலை 7.10. தண்டு நாலு பட்டை. இலை எதிரெதிர். பூ நீலம், உதடு மாதிரி ரெண்டாப் பிரிஞ்சிருக்கு. கசக்குனா துளசி வாசம். சின்ன ஈ ரெண்டு வந்துச்சு. பேர் தெரியல." இதை வாசித்ததுமே துளசிக் குடும்பம் என்று சொல்லிவிட முடிந்தது. எந்த இனம் என்று பார்க்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே இடத்துக்கு லென்ஸோடு மறுபடி போனோம்.