ஏசியின் இன்டோர் ஃபேன் ஓடவில்லையா? மோட்டாரில் கை வைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் காரிமங்கலம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஏசி ஆன் ஆகிறது, காற்று மட்டும் வரவில்லை என்று போனில் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் எனக்கு முன்னாலேயே ஒருவர் வந்து போயிருக்கிறார். ஐடிஐ முடித்து ஒன்றரை வருடமாகத் தொழிலில் இருக்கும் பையன், எனக்குத் தெரிந்தவன்தான். போர்டு, அதாவது ஏசியை இயக்கும் சர்க்யூட் அட்டை, போய்விட்டது என்று சொல்லிப் புது போர்டு மாட்டியிருக்கிறான். ஆன் செய்த கையோடு அதுவும் போய்விட்டது. பேனலைக் கழற்றியதும் கருகிய வாடை குப்பென்று வந்தது. "புதுசுதானே போட்டாங்க, அதுக்குள்ள எப்படிங்க போகும்?" என்று அந்த வீட்டு அம்மா கேட்டார்.

பையனுக்கு போன் போட்டேன். "மோட்டார் சாக்கெட்டைக் கழட்டி மாட்டிப் பார்த்தேன்ணா, லூசா எல்லாம் இல்ல" என்றான். கரண்டை நிறுத்திவிட்டுக் கழற்றினாயா என்று கேட்டேன். "ரிமோட்ல ஆஃப் பண்ணிட்டுத்தான்ணா கழட்டினேன்" என்றான். பத்து வருடத்துக்கு முன் காவேரிப்பட்டணத்தில் ஒரு வீட்டில் நின்றுகொண்டு என் முதலாளியிடம் நான் சொன்ன பதிலும் இதே பதில்தான். அன்றைக்குப் போன மோட்டாருக்கும் போர்டுக்கும் என் கூலியில்தான் பிடித்தார்கள். மூன்று மாதம் ஆனது கடன் தீர. இன்றைக்கும் புதிதாக வருகிற பிள்ளைகள் அதே இடத்தில்தான் விழுகிறார்கள்.

ஃபில்டர் கழுவாதது, ரிமோட்டில் மோடு மாறியிருப்பது, ஸ்டெபிலைசர் ஆஃபில் கிடப்பது இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது எல்லோருக்கும் தெரியும்.

எந்த மோட்டார் என்று பார்க்காமல் மீட்டரை வைப்பது

ஸ்பிளிட் ஏசி இன்டோரில் பொதுவாக இரண்டு வகை மோட்டார் வருகிறது. ஒன்று பிஜி மோட்டார். இது ஏசி கரண்டில், அதாவது மாறுதிசை மின்சாரத்தில் ஓடும், கெப்பாசிட்டர் உண்டு. மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பியான காயிலுக்கு ஒரு சாக்கெட், வேகத்தை போர்டுக்குச் சொல்லும் சென்சாருக்கு மூன்று வயரில் ஒரு சின்ன சாக்கெட் என்று இரண்டு இருக்கும். இன்னொன்று பிஎல்டிசி, நாம் டிசி மோட்டார் என்று சொல்வது. ஒரே சாக்கெட், ஐந்து வயர். இன்வெர்ட்டர் ஏசிகளில் பெரும்பாலும் இதுதான்.

பிஜி மோட்டாரில் ஓம்ஸ் வைத்துக் காயில் பார்க்கலாம், சில நூறு ஓம் காட்டும். டிசி மோட்டாரில் அப்படிக் காயில் பார்க்க முடியாது. காயிலுக்கும் வெளியே வரும் வயருக்கும் நடுவில் மோட்டாருக்குள்ளேயே ஒரு டிரைவர் சர்க்யூட் உட்கார்ந்திருக்கிறது. "கன்டினியூட்டி வரலை, காயில் ஓப்பன்" என்று சொல்லி நல்ல டிசி மோட்டாரைக் கழற்றிப் பழைய சாமான் கடைக்கு அனுப்பியவர்களை எனக்குத் தெரியும்.

கரண்ட் இருக்கும்போதே டிசி மோட்டார் சாக்கெட்டைப் பிடுங்குவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் ஆகியும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இது ஒன்றுதான்.

ரிமோட்டில் ஆஃப் செய்தால் மோட்டாருக்கு "ஓடு" என்று போகிற உத்தரவு மட்டும்தான் நிற்கிறது. போர்டு விழித்துக்கொண்டுதான் இருக்கும், இல்லையென்றால் அடுத்த முறை ரிமோட்டை அழுத்தும்போது அதற்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை போர்டு டிசியாக மாற்றி ஒரு பெரிய கெப்பாசிட்டரில் வைத்திருக்கிறது. அது 310லிருந்து 325 வோல்ட் வரை இருக்கும். பல மாடல்களில் ரிமோட் ஆஃபில் இருக்கும்போதும் அந்த 310 வோல்ட் மோட்டார் சாக்கெட்டின் முனையில் வந்து நிற்கிறது.

ஐந்து வயரில் பெரும்பாலும் சிவப்பில் இந்த 310 வோல்ட். கருப்பு கிரவுண்ட். வெள்ளையில் மோட்டாருக்குள் இருக்கும் சர்க்யூட்டுக்கு 15 வோல்ட். மஞ்சளில் எவ்வளவு வேகம் என்று போர்டு சொல்லும் சின்ன வோல்டேஜ். நீலத்தில் இவ்வளவு வேகத்தில் சுற்றுகிறேன் என்று மோட்டார் திருப்பிச் சொல்லும் பல்ஸ். 310 வோல்ட் போகிற பின்னும் 15 வோல்ட், 5 வோல்ட் போகிற பின்னும் ஒரே சாக்கெட்டில் ஒரு விரல் அகலத்துக்குள் இருக்கின்றன.

சாக்கெட்டைப் பிடுங்கும்போது யாரும் நேராக இழுப்பதில்லை. இடம் கிடையாது. நகத்தால் லாக்கை அமுக்கி, இடமும் வலமுமாக ஆட்டி ஆட்டித்தான் எடுப்போம். அப்படி ஆட்டும்போது ஐந்து பின்னும் ஒன்றாக விடுவதில்லை. கருப்பு முதலில் விட்டு, சிவப்பு இன்னும் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த ஒரு நொடி போதும். 310 வோல்ட் திரும்பிப் போக வழியில்லாமல் வெள்ளை, மஞ்சள், நீலம் எது கிடைக்கிறதோ அதன் வழியாகப் பாயும். மோட்டாருக்குள் டிரைவர் ஐசி போகும். அந்தப் பக்கம் போர்டில் இருக்கும் பிராசஸரும் போகலாம். சத்தம் பெரிதாக வராது. "டிக்" என்று ஒன்று கேட்கும், பின் முனையில் நீலமாக ஒரு பொட்டு வெளிச்சம் தெரியும். சில நேரம் அதுவும் இருக்காது. அதனால்தான் பையன்கள் தாங்கள் எதுவும் செய்யவில்லை என்று நம்புகிறார்கள். திரும்ப மாட்டும்போதும் இதே ஆபத்துதான்.

அதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. உள்ளே ஷார்ட்டான மோட்டாரை அப்படியே விட்டுவிட்டு, போர்டு மட்டும் போனதாக நினைத்துப் புது போர்டு மாட்டுகிறார்கள். கரண்ட் கொடுத்ததும் ஷார்ட்டான மோட்டார் புது போர்டையும் அடித்துவிடுகிறது. காரிமங்கலத்தில் நடந்தது இதுதான். முதலில் அந்த வீட்டில் கெட்டிருந்தது என்ன தெரியுமா? காற்றைத் தள்ளும் நீள உருளையான ப்ளோயரின் இடது பக்க புஷ், அதாவது அதன் முனையைத் தாங்கிச் சுற்றவிடும் வளையம், காய்ந்து இறுகியிருந்தது, அவ்வளவுதான். சின்ன செலவில் முடிய வேண்டியது, இரண்டு போர்டு ஒரு மோட்டார் என்று ஆகிவிட்டது. அந்த மாடலுக்கு மோட்டார் இங்கே கிடைக்கவில்லை, சேலத்திலிருந்து வர இரண்டு நாள். அந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர் இருந்தார். சித்திரை வெயிலில் இரண்டு நாள் அவர் எப்படி இருந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் செய்வது இது. முதலில் ஏசிக்கு வரும் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்சான எம்சிபியை இறக்குவேன். வீட்டில் இருப்பவர்களிடம் "நான் சொல்லும் வரை யாரும் தூக்காதீங்க" என்று வாயால் சொல்லிவிடுவேன். கரண்ட் போய்விட்டதோ என்று பார்க்க வந்து தூக்கிவிடுகிற தாத்தா எல்லா வீட்டிலும் உண்டு. அப்புறம் ஐந்து நிமிடம் காத்திருப்பேன். கெப்பாசிட்டரில் தேங்கியது இறங்க வேண்டும். பிறகு மீட்டரை டிசி 1000 வோல்ட் ரேஞ்சில் வைத்து, சாக்கெட்டைக் கழற்றாமலே பின்பக்கம் வழியாக சிவப்புக்கும் கருப்புக்கும் குத்திப் பார்ப்பேன். ரேஞ்சைக் கவனியுங்கள். மீட்டர் ஏசி ரேஞ்சில் இருந்தால் தப்பாகக் காட்டி உங்களை ஏமாற்றிவிடும். வோல்டேஜ் ஏறக்குறைய ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் சாக்கெட்டில் கை.

இன்னொன்று. கருப்பு கிரவுண்ட்தானே என்று கரண்ட் இருக்கும்போது விரலை வைத்துவிடாதீர்கள். அது எர்த் கிடையாது. இந்த போர்டுகளில் அது மெயினோடு தொடர்புள்ள கிரவுண்ட், தொட்டால் அடிக்கும்.

கழற்றிய பிறகு மோட்டார் பக்க சாக்கெட்டில் சிவப்புக்கும் கருப்புக்கும் ஓம்ஸ் வையுங்கள். சில ஓம் மட்டுமே காட்டினால் உள்ளே ஷார்ட். அந்த மோட்டாரை எந்த போர்டிலும் மாட்டக் கூடாது. கையாலும் ஒரு சோதனை உண்டு. சாக்கெட் கழன்ற நிலையில் ப்ளோயரை விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். நல்ல மோட்டார் லேசாகச் சுற்றும், உள்ளே காந்தம் இருப்பதால் மெல்லிய தட்டல் மட்டும் தெரியும். டிரைவர் ஷார்ட்டான மோட்டார் யாரோ உள்ளிருந்து பிடித்து இழுப்பதுபோல் விட்டு விட்டு இறுகும். இரண்டையும் ஒரு முறை பக்கத்தில் பக்கத்தில் சுற்றிப் பார்த்தால் பிறகு மறக்காது.

ஷார்ட் இல்லை என்றால் மாட்டிவிட்டு, கரண்ட் கொடுத்து, வயர்களைப் பின்பக்கமாக அளக்க வேண்டும். சிவப்பு கருப்புக்கு 310 பக்கம், வெள்ளை கருப்புக்கு 15. இரண்டும் இருந்தால் மீட்டரை மஞ்சளுக்கும் கருப்புக்கும் வைத்துக்கொண்டு, கூட இருப்பவரை ரிமோட்டை அழுத்தச் சொல்லுங்கள். மஞ்சளில் வோல்டேஜ் ஏறுகிறது, மோட்டார் அசையவில்லை என்றால் குற்றம் மோட்டாரில். ஆனால் ஆன் செய்யும் அந்த நேரத்திலேயே பார்க்க வேண்டும். மோட்டார் சுற்றவில்லை என்று தெரிந்தால் போர்டு சில நொடியில் அந்த வோல்டேஜை நிறுத்திவிடும். ஆன் செய்துவிட்டு, ஸ்டூலில் ஏறி, மீட்டரை எடுத்து வைப்பதற்குள் அது போயிருக்கும். "மஞ்சள்ல ஒண்ணும் வரலை, போர்டு காலி" என்று முடிவு செய்வது இங்கிருந்துதான் வருகிறது.

வெள்ளையில் 15 வரவில்லையா? எம்சிபியை இறக்கி, காத்திருந்து, மோட்டாரைக் கழற்றிவிட்டு, மறுபடி கரண்ட் கொடுத்து போர்டு பக்கம் அளங்கள். இப்போது 15 வந்தால் மோட்டார்தான் அதை இழுத்துச் சாய்க்கிறது.

மோட்டாரைச் சோதிக்காமல் புது போர்டு மாட்டுவது

கூடவே கூடாது.

ஐஸைப் பார்த்ததும் கேஸ் ஏற்றுவது

கூலிங் காயிலில் ஐஸ் கட்டினால் கேஸ் குறைவு என்று பாடம் படித்திருக்கிறோம். பாதிதான் சரி. ஃபேன் வேகம் குறைந்தாலும் காயில் மேல் போதுமான காற்று போகாமல் ஐஸ் கட்டும். மோட்டார் பலவீனமாக ஓடும்போது கேஸ் பிரஷரை அளக்கும் கேஜ் போட்டால் பிரஷரும் குறைவாகத்தான் காட்டும். உடனே கேஸ் ஏற்றிவிடுகிறார்கள். நாளைக்கு மோட்டாரைச் சரி செய்ததும் கேஸ் அதிகமாகி கம்ப்ரஸர் திணறும். முதலில் ஃபேன் மோடில் வையுங்கள், ஐஸ் முழுக்க உருகட்டும், காற்று ஹை ஸ்பீடில் எப்படி வருகிறது என்று கையால் பாருங்கள். அதன் பிறகு கேஜை எடுக்கலாம்.

பர்கூர் பக்கம் கிரானைட் பாலிஷ் போடும் இடங்களில் மோட்டார் நன்றாக இருக்கும்போதே காற்று குறையும். ப்ளோயர் இதழ்களுக்கு உள்பக்கம் மாவு மாதிரி தூசி அப்பி, ஈரத்தில் இறுகி, சிமெண்ட் ஆகிவிடுகிறது. இதழின் குழிவு நிறைந்துவிட்டால் ப்ளோயர் சுற்றும், காற்றைத் தள்ளாது. டார்ச் அடித்து உள்ளே பார்க்காமல் மோட்டார் வீக் என்று சொல்லக் கூடாது.

சீலிங் ஃபேன் கெப்பாசிட்டரைப் போடுவது

பிஜி மோட்டாருக்கு வருவது பெரும்பாலும் 1 முதல் 1.5 மைக்ரோஃபாரட் வரை. கடையில் கைக்குக் கிடைப்பது சீலிங் ஃபேனுக்கான 2.5. போட்டால் மோட்டார் ஓடும், அதனால் சரியாகிவிட்டது என்று நினைத்து வந்துவிடுவோம். சில வாரத்தில் சூடேறி காயில் கருகும். பழையதில் என்ன எழுதியிருக்கிறதோ அதே அளவு, 450 வோல்ட். அந்த அளவு கிடைக்கவில்லை என்றால் கிடைக்கும் வரை பொறுங்கள்.

சூடான மோட்டாரில் காயில் பார்ப்பது

பிஜி மோட்டாருக்கு உள்ளே, சூடு அதிகமானால் கரண்டைத் துண்டிக்கும் தெர்மல் கட்டாஃப் இருக்கிறது. சூட்டில் அது பிரிந்திருக்கும்போது ஓப்பன் என்றுதான் காட்டும். அரை மணி நேரம் ஆறவிட்டு மறுபடி பாருங்கள்.

ஓடி நின்றால் மோட்டார் போச்சு என்பது

பிஜி மோட்டார் சில நொடி ஓடி, நின்று, எரர் அடிக்கிறது என்றால் மோட்டாருக்கு ஓடத் தெம்பு இருக்கிறது என்றுதானே அர்த்தம்? சுற்றுகிறேன் என்ற செய்திதான் போர்டுக்குப் போகவில்லை. மூன்று வயர் சாக்கெட்டில் 5 வோல்ட் வருகிறதா பாருங்கள். பிறகு சிக்னல் வயரில் மீட்டரை வைத்து ப்ளோயரைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். 0வுக்கும் 5க்கும் நடுவே ஏறி இறங்க வேண்டும். அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் சென்சார். ஏறி இறங்கியும் எரர் என்றால் போர்டு. பல நேரம் எறும்பும் பல்லி எச்சமும் அந்த சாக்கெட்டின் பின்னில் பச்சை பிடிக்க வைத்திருக்கும், துடைத்து மாட்டினாலே ஓடிவிடும்.

வயர் கலரை மட்டும் நம்புவது

கம்பெனிக்குக் கம்பெனி மாறும். போர்டில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள்.

போர்டை மூடாமல் தண்ணீர் அடிப்பது

மோட்டார் பக்கம் பிளாஸ்டிக் கவர் கட்டாமல் ஜெட் பம்பை எடுக்காதீர்கள்.

புஷ்ஷில் தேங்காய் எண்ணெய்

கீச் கீச் என்று சத்தம் வந்தால் வீட்டுக்காரர்களே ஊற்றிவிடுகிறார்கள், நம் ஆட்களும் ஊற்றுகிறார்கள். இரண்டு நாள் சத்தம் இருக்காது. அப்புறம் தூசியோடு சேர்ந்து பிசினாகி ப்ளோயரையே பிடித்துக்கொள்ளும். புஷ்ஷை மாற்றுங்கள். மாற்றும்போது ப்ளோயரை ஷாஃப்டில் பிடிக்கும் ஸ்க்ரூவை, ஷாஃப்டின் தட்டையான பக்கத்தில் உட்காரும்படி முடுக்க வேண்டும். முடுக்குவதற்கு முன் ப்ளோயர் இரண்டு ஓரத்திலும் ஏசியின் பாடியில் உரசாமல் இடைவெளி இருக்கிறதா என்று ஒரு சுற்று கையால் சுற்றி, காதைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். ஒரு பக்கம் லேசாக உரசினாலும் இரவில் அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது, காலை ஆறு மணிக்கு உங்களுக்கு போன் வரும்.