ஷெல் ஃபங்ஷனில் ‘லோக்கல்’ மறைக்கும் பிழை

தைப்பூசக் காவடிக்கு மொரீஷியஸில் அரசு விடுமுறை. அங்குள்ள எபேன் நகர அலுவலகத்தில் ஆள் இருக்காது. பேக்கப் ஸ்கிரிப்ட் மட்டும் தானாக ஓடும். அது தோற்றால் சொல்ல வேண்டுமே!

பாஷ் என்ற ஷெல்லில் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) ஒரு ஃபங்ஷன் ‘ரிட்டர்ன்’ மூலம் தருவது 0 முதல் 255 வரையிலான நிலை எண் மட்டும்தான். 0 என்றால் வெற்றி. 256 கொடுத்தால் அதுவும் 0 ஆகிவிடும், கேட்கவே வேண்டாம். கோப்புப் பெயர் போன்ற விடையை ‘எக்கோ’ கட்டளையால் வெளியிடுங்கள். பிழைச் செய்தியை ஸ்டாண்டர்டு எரருக்கு, அதாவது பிழைகளுக்கான தனி வெளியீட்டு வழிக்கு, அனுப்புங்கள், இல்லையென்றால் இரண்டும் கலந்துவிடும்.

பலர் கவனிக்காதது இதுதான்: ‘லோக்கல்’ அறிவிப்பையும் (ஃபங்ஷனுக்குள் மட்டும் வாழும் மாறியை உருவாக்குவது) அந்த மாறியில் விடை வாங்குவதையும் ஒரே வரியில் எழுதினால், உள்ளே கட்டளை தோற்றாலும் கடைசிக் கட்டளையின் நிலை எண்ணைச் சொல்லும் டாலர்-கேள்விக்குறியில் ($?) 0 தான் நிற்கும். அது லோக்கலின் சொந்த நிலை. முதல் வரியில் அறிவித்துவிட்டு அடுத்த வரியில் விடையை வாங்குங்கள், அப்புறம் உடனே நிலையைப் பாருங்கள். நடுவில் ஒரு எக்கோ நுழைந்தாலும் எண் மாறிவிடும்.