காம்யு புக்ஸை ரேங்க் பண்றது எப்படி (ஸ்ட்ரேஞ்சரை கண்ணை மூடிட்டு ஃபர்ஸ்ட்ல வெக்காம)

ஃப்ரெஞ்ச் எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவோட பெஸ்ட் எதுன்னு யாரைக் கேட்டாலும் தி ஸ்ட்ரேஞ்சர்னு தான் பதில் வரும், அதுக்கு பாதி காரணம் அது நல்ல புக்குன்றது, மீதி பாதி முக்காவாசி பேர் அதோட நிறுத்திட்டாங்கன்றது. ஒரு புக் மட்டும் படிச்சா அது தானே ஃபர்ஸ்ட் வரும். அதனால உங்களுக்குன்னு ஒரு ரேங்கிங் போடணும்னா நான் பண்ற முறைய சொல்றேன், ரிசல்ட் என்னோடத மாதிரியே வரணும்னு இல்ல.

முதல்ல எல்லாத்தையும் ஒரே வரிசையில நிறுத்தாதீங்க. நாவல், நாடகம், கட்டுரை மூணும் கலந்து கிடக்கும், அத எப்படி ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடுவீங்க? நல்லவேளையா மனுஷன் அவரே குவியல் பிரிச்சு வெச்சுட்டு தான் எழுதினார். ஒரு பிரச்சனைய எடுத்துக்கிட்டு அதையே நாவலா ஒரு தடவ, கட்டுரையா ஒரு தடவ, நாடகமா ஒரு தடவ. முதல் குவியல் அபத்தம் (நாம அர்த்தம் தேடறோம், உலகம் பதிலே சொல்லாதுன்ற நிலைமை): தி ஸ்ட்ரேஞ்சர், தி மித் ஆஃப் சிசிபஸ் ரெண்டும் 1942, கலிகுலா 1944. ரெண்டாவது கலகம்: தி ப்ளேக் 1947, தி ஜஸ்ட் 1949, தி ரெபெல் 1951. மூணாவது அன்பு பத்தினதுன்னு திட்டம் போட்டிருந்தார், ஆனா 1960 ஜனவரி 4ஆம் தேதி கார் மரத்துல மோதி 46 வயசுல போய்ட்டார், விபத்து நடந்த இடத்துல கிடைச்ச பையில இருந்த கையெழுத்துப் பிரதி தான் தி ஃபர்ஸ்ட் மேன். இந்த கணக்குல அடங்காம வெளிய நிக்கிறது தி ஃபால் (1956), எக்ஸைல் அண்ட் தி கிங்டம் சிறுகதைகள் (1957). 1957ல தான் நோபலும்.

இப்ப லீக் மேட்ச் மாதிரி குவியலுக்குள்ள மட்டும் மோத விடுங்க (அவரே சின்ன வயசுல அல்ஜியர்ஸ்ல கோல்கீப்பர், கோச்சுக்க மாட்டார்). கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு தான், இதே விஷயம் கதையா நல்லா நிக்குதா, வாதமா நல்லா நிக்குதா, மேடையில நல்லா நிக்குதா.

முதல் குவியல்ல சிசிபஸை எடுத்தவுடனே பயந்துடுவாங்க. தற்கொலை தான் உண்மையிலயே சீரியஸான ஒரே தத்துவப் பிரச்சனைன்னு ஆரம்பிக்கும், சரி செமன்னு உக்காந்தா அடுத்து கியர்கெகார்ட், ஹுஸ்ஸெர்ல்னு தத்துவவாதிங்க பக்கம் இழுத்துட்டு போகும், கிரேக்க புராணத்துல முடிவே இல்லாம கல்லு உருட்டற சிசிபஸ் வர்றதே கடைசி சில பக்கத்துல தான். ரேங்க் பண்றதுக்கு முதல் அத்தியாயமும் அந்த கடைசி பக்கங்களும் போதும், நடுவுல உள்ளத ஆசை வந்தா அப்புறம் படிங்க. கலிகுலா அதே விஷயத்த தலைகீழா காட்டுது, தங்கச்சி செத்ததும் உலகத்துக்கு அர்த்தமில்லன்னு புரிஞ்சு போன ஒருத்தன் கையில ராஜாங்கம் இருந்தா என்ன ஆகும்னு. நிலா வேணும்னு கேக்கற சீன் படிக்கறப்ப சிரிப்பு வரும், அப்புறம் வராது. தி மிஸ்அண்டர்ஸ்டாண்டிங் நாடகமும் இந்த குவியல் தான், ஆனா அத கடைசில வெக்க எனக்கு ஒரு வினாடி கூட ஆகல, ஏன்னா அதே கதை ஸ்ட்ரேஞ்சர்ல ஜெயில்ல இருக்கற கதாநாயகன் மெர்ஸோ ஒரு பழைய பேப்பர் துண்டுல படிக்கறதா ஒரு பத்தியில வந்துடும், அந்த ஒரு பத்தி முழு நாடகத்த விட பயங்கரம்.

ஸ்ட்ரேஞ்சருக்கு வருவோம். இத ஒரு தடவ படிச்சுட்டு ரேங்க் பண்ணாதீங்க, ரெண்டாவது தடவ ரெண்டாம் பாகத்த மட்டுமாவது படிங்க. முதல் தடவ நாம மெர்ஸோ பக்கம் தான் நிப்போம், அம்மா சாவுக்கு அழலன்னு ஒருத்தன தலைய வெட்ட அனுப்பறாங்களேன்னு கோர்ட் மேல கோவம் வரும். ரெண்டாவது தடவ தான் தெரியும், மெர்ஸோ சுட்டுக் கொன்ன அரபு ஆளுக்கு புக் முழுக்க பேரே இல்ல, அவன் சார்பா கோர்ட்ல பேச ஒரு ஆள் வரல, நாமளும் அவன மறந்துட்டு தான் பக்கத்த திருப்பிட்டு இருந்தோம். 2013ல அல்ஜீரியாவோட கமெல் தாவுத் இத வெச்சே ஒரு நாவல் எழுதி அந்த ஆளுக்கு மூஸான்னு பேர் வெச்சார். இது காம்யுவோட குறையா இல்ல வேணும்னே விட்டதான்னு சண்டை இன்னும் ஓடுது, நீங்க எந்த பக்கம்னு முடிவு பண்ணாம மார்க் போட முடியாது. இன்னொண்ணு மொழிபெயர்ப்பு. இந்த புக்கோட பாதி உயிர் அந்த வெட்டு வெட்டான சின்ன வாக்கியத்துல இருக்கு, அதனால எந்த பதிப்புல படிக்கறோம்னு பாக்கணும், ஆங்கிலத்துல ஸ்டூவர்ட் கில்பர்ட்டோட 1946 பதிப்பு கொஞ்சம் அலங்காரமா போகும், மாத்யூ வார்டோட 1988 பதிப்பு வறட்டுத்தனமா இருக்கும், வறட்டுத்தனம் தான் இங்க வேணும். தமிழ்ல வெ. ஸ்ரீராம் ஃப்ரெஞ்ச்லேர்ந்து நேரா பண்ணின அந்நியன் இருக்கு, சுத்தி வளைக்காம அதையே எடுங்க.

ரெண்டாவது குவியல்ல போட்டியே இல்ல, ப்ளேக் தான். ரெபெல் படிக்க கஷ்டம், தத்துவவாதி சார்த்ரோட நட்பு 1952ல உடைஞ்சதுக்கு காரணமான புக்ன்னு வரலாறு தெரிஞ்சுக்க படிக்கலாம், ரேங்க்ல என்கிட்ட கடைசி. ஜஸ்ட் நாடகத்துல ஒரு இடம் இருக்கு, 1905 மாஸ்கோ, குண்டு வீசப் போனவன், வீச வேண்டிய வண்டியில குழந்தைங்க இருக்கறத பாத்து வீசாம திரும்பி வந்துடுவான், அத பத்தி கூட்டாளிங்க சண்டை போடற சீனுக்காகவே படிங்க, ரெபெல்ல பக்கம் பக்கமா பேசறது இங்க அந்த ஒரு சண்டையில முடிஞ்சுடுது.

ப்ளேக்கை 2020ல எல்லாரும் தூக்கிட்டு ஓடினாங்க, அதுக்கு முன்னாடி நாஜி ஆக்கிரமிப்போட உருவகம்னு மட்டும் படிச்சாங்க. ரெண்டையும் தள்ளி வெச்சுட்டு க்ரான் என்ற அந்த குமாஸ்தாவ மட்டும் பாருங்க. ஊரே செத்துட்டு இருக்கு, பகல்ல கணக்கு எழுதி உதவி பண்ணிட்டு ராத்திரி உக்காந்து தன் நாவலோட முதல் வாக்கியத்தையே, ஒரு பொண்ணு குதிரைல போற வாக்கியம், திரும்பத் திரும்ப திருத்திட்டு இருப்பான். வீரன்னு ஒருத்தன காட்டியே ஆகணும்னா இந்த ஆள எடுத்துக்கங்கன்னு கதை சொல்றவரே சொல்லுவார். இந்த ஆளுக்காக தான் ப்ளேக் என் லிஸ்ட்ல மேல நிக்குது, நடுவுல கொஞ்சம் இழுவை, அது உண்மை.

அடுத்து கதைகள். எக்ஸைல் அண்ட் தி கிங்டம்ல ஆறு கதை, அத ஒரு புக்கா ரேங்க் பண்ணாதீங்க, தனித்தனியா பண்ணுங்க, ஏன்னா தி கெஸ்ட் ஒண்ணு மட்டும் ஒரு நாவலுக்கு சமம். மலை மேல ஒத்தையா இருக்கற வாத்தியார் தாரு, அவன்கிட்ட ஒரு அரபு கைதிய ஒப்படைச்சு ஜெயில்ல கொண்டு விடுன்னு சொல்றாங்க, அவனுக்கு இஷ்டம் இல்ல, சாப்பாடும் பணமும் குடுத்து ரெண்டு வழியையும் காட்டி நீயே முடிவு பண்ணுன்னு விட்டுடுவான். கைதி எந்த வழிய எடுத்தான், திரும்பி வந்தப்ப கரும்பலகையில என்ன எழுதி இருந்துச்சுன்றத சொல்ல மாட்டேன். ஃப்ரெஞ்ச் தலைப்புல இருக்கற வார்த்தைக்கு விருந்தாளின்னும் அர்த்தம், விருந்து குடுக்கறவன்னும் அர்த்தம், அத மனசுல வெச்சுட்டு படிங்க.

தி ஃபர்ஸ்ட் மேனுக்கு நம்பர் குடுக்காதீங்க. முடியாத புக், 1994ல தான் வெளிய வந்துச்சு. அப்பாவோட கல்லறைய தேடிப் போய் அதுல இருக்கற வருஷத்த கணக்கு போட்டுப் பாத்தா உள்ள இருக்கற அப்பா தன்ன விட சின்னப் பையன்னு தெரியற இடம் ஒண்ணு போதும், ஆனா முடிச்சிருந்தா எத வெட்டியிருப்பாரோ நமக்கு எப்படி தெரியும். 1971ல வந்த ஏ ஹேப்பி டெத்துக்கும் நம்பர் கிடையாது, காரணம் வேற, அத அவரே வேணாம்னு ஒதுக்கி வெச்சது.

கடைசியா ஃபைனல். இங்க ஒரே டெஸ்ட், படிச்சு முடிச்சப்பறம் எந்த புக் உங்கள விடாம தொந்தரவு பண்ணுது. எனக்கு அது ஃபால். ஆம்ஸ்டர்டாம்ல ஒரு பார், கிளமன்ஸ்னு ஒரு முன்னாள் பாரிஸ் வக்கீல், எதிர்ல உக்காந்திருக்கற ஆள்கிட்ட பேசிட்டே இருக்கான், அந்த ஆள் பேசறது ஒரு வரி கூட நமக்கு வராது, கொஞ்ச நேரத்துல அந்த நாற்காலியில உக்காந்திருக்கறது நாம தான்னு உறைக்கும். ஏழைங்களுக்காக வாதாடுவான், கண்ணு தெரியாதவங்கள ரோடு தாண்ட விடுவான், நல்லவன்னு ஊரும் நம்புது அவனும் நம்பறான். ஒரு ராத்திரி சேன் ஆத்துப் பாலத்துல ஒரு பொண்ணு நிக்கறத தாண்டிப் போறான், பின்னாடி தண்ணில விழற சத்தம் கேக்குது, கத்தற சத்தமும் கேக்குது, நிக்கறான், குதிக்கல, யார்கிட்டயும் சொல்லல, நடந்து வீட்டுக்குப் போயிடறான். அவ்ளோ தான் சம்பவம். மெர்ஸோவ ஊர் ஜட்ஜ் பண்ணுது, இங்க கிளமன்ஸ் தன்னையே ஜட்ஜ் பண்ணிக்கிட்டு, அத சாக்கா வெச்சு நைசா நம்மள கூண்டுல ஏத்திடறான். அவ்ளோ சண்டை போட்ட சார்த்ர் கூட காம்யு செத்தப்ப எழுதின அஞ்சலியில ஒருவேளை இது தான் அவரோட அழகான புக், ரொம்ப குறைவா புரிஞ்சுக்கப்பட்டதும் இது தான்னு சொன்னார்.

ஆக என் வரிசை ஃபால், ஸ்ட்ரேஞ்சர், தி கெஸ்ட், ப்ளேக், கலிகுலா, ஜஸ்ட், சிசிபஸ், மிஸ்அண்டர்ஸ்டாண்டிங், எல்லாத்துக்கும் கீழ ரெபெல். அபத்தம்ன்ற ஒரே அளவுகோல் வெச்சா மட்டும் ஸ்ட்ரேஞ்சர் மேல ஏறி கலிகுலா ரெண்டாவது வந்துடும், ஃபால் அந்த போட்டியிலயே கிடையாது. ஆனா படிக்கற வரிசை வேற, சின்ன புக் தானேன்னு ஃபால்ல ஆரம்பிச்சீங்கன்னா பத்தாவது பக்கத்துல இவன் யார்ட்ட என்ன உளர்றான்னு மூடி வெச்சுடுவீங்க. ஸ்ட்ரேஞ்சர், அப்புறம் ப்ளேக், கொஞ்ச நாள் கேப் விட்டு ஒரே ராத்திரியில ஃபால், முடிச்சதும் ஸ்ட்ரேஞ்சரோட கோர்ட் சீனை திரும்ப ஒரு தடவ, அதுக்கப்பறம் நம்பர் போட உக்காருங்க.