சந்தாக் கட்டணத்தை மறுக்கும்போது செய்யும் தவறுகள்

பிறருடைய கணக்குகளைச் சரிபார்ப்பது என் தொழில். கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்டோடு வந்து, கேட்காத சந்தாவுக்கு மாதந்தோறும் பணம் போகிறது என்று முறையிடுபவர்களில் பலர், பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறுகளை ஏறக்குறைய அதே வரிசையில் செய்து முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஸ்டேட்மென்டைப் படியுங்கள், ரகசிய எண்ணைச் சொல்லாதீர்கள் போன்றவை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெயரை மட்டும் பார்த்துத் தேடுவது

ஸ்டேட்மென்டில் அச்சாகும் பெயர், நாம் அறிந்த சேவையின் பெயராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அது தாய் நிறுவனத்தின் பதிவுப் பெயராகவோ, பணம் வசூலித்துத் தரும் இடைநிறுவனத்தின் பெயராகவோ இருக்கலாம். ஆகவே மின்னஞ்சலில் பெயரைத் தேடுவதைவிட, பில்லில் உள்ள தொகையைக் காசு வரை அப்படியே இட்டுத் தேடினால் ரசீது விரைவில் அகப்படும். மூன்று மாத ஸ்டேட்மென்டைப் புரட்டிவிட்டு நிறுத்திக்கொள்பவர்களுக்கு ஆண்டுச் சந்தா ஒருபோதும் கண்ணில் படாது. 13 மாதங்களாவது பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

செயலியை நீக்கிவிட்டால் சந்தா முடிந்தது என்று நினைப்பது

முடியாது. எங்கே சேர்ந்தீர்களோ, அங்கேதான் ரத்து செய்ய வேண்டும்.

"இதை நான் செய்யவில்லை" என்று வங்கியிடம் சொல்லிவிடுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். இலவசச் சோதனைக் காலத்துக்காக ஒரு மென்பொருளில் நானே சேர்ந்து, பிறகு ரத்தும் செய்தேன். ஆனால் ரத்தானதாகக் காட்டிய திரையைப் படம்பிடித்து வைக்கவில்லை. எட்டு மாதங்கள் கழித்துத்தான் பணம் போய்க்கொண்டே இருந்ததைக் கவனித்தேன். கோபத்தோடு வங்கியை அழைத்தபோது, எதிர்முனையில் இருந்தவர் "இந்தப் பரிவர்த்தனையைச் செய்தது நீங்களா?" என்று கேட்டார், நான் யோசிக்காமல் "இல்லை" என்றேன். அந்த ஒரு சொல்லால் என் புகார் மோசடிப் புகாராகப் பதிவாகி, கார்டு உடனே முடக்கப்பட்டது. அதே கார்டில் கட்டிவந்த தொலைபேசிக் கட்டணமும் காப்பீட்டுத் தவணையும் அந்த மாதம் தவறின. வங்கி தற்காலிகமாக வரவு வைத்த தொகையும் சில வாரங்களில் திரும்பப் போய்விட்டது. ஏனெனில் என் மின்னஞ்சல் முகவரி, நான் நிபந்தனைகளை ஏற்ற தேதி, உள்நுழைந்த கணினியின் ஐபி முகவரி ஆகியவற்றை அந்த நிறுவனம் ஆதாரமாக அனுப்பியிருந்தது. அதே தொகையை வேறு காரணத்தின் கீழ் மீண்டும் எழுப்ப வங்கி ஒப்பவில்லை.

கார்டு நேரில் இல்லாமல் நடக்கும் மோசடிக்கு, கார்டு வலையமைப்பான விசாவின் விதிகளில் 10.4 என்று ஒரு குறியீடும், ரத்து செய்த பிறகும் எடுக்கப்படும் தொடர்கட்டணத்துக்கு 13.2 என்று வேறொரு குறியீடும் உண்டு. முதலாவது, பணம் செலுத்தியது யார் என்று கேட்கிறது. இரண்டாவது, கொடுத்த அனுமதியை நீங்கள் திரும்பப் பெற்றீர்களா என்று கேட்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விசா விதியின்படி, 120 முதல் 365 நாட்களுக்கு முந்தைய, மோசடி என்று புகார் செய்யப்படாத இரண்டு கட்டணங்களைக் காட்டி, அவற்றின் ஐபி முகவரி அல்லது சாதன அடையாளத்தோடு மற்றொரு விவரமும் பொருந்துவதை விற்பனையாளர் நிறுவினால், மோசடிப் புகார் நிற்காது. அதாவது, சின்னத் தொகைதானே என்று நாம் விட்டுவைத்த பழைய கட்டணங்களே நமக்கு எதிரான சாட்சிகளாகின்றன.

சொல்ல வேண்டியது இதுதான்: "சேர்ந்தது நான்தான், இந்தத் தேதியில் ரத்து செய்தேன், அதற்குப் பிறகும் பணம் எடுத்திருக்கிறார்கள்." இன்னும் ரத்தே செய்யவில்லையென்றால், முதலில் ரத்து செய்து, பணத்தைத் திருப்பித் தரும்படி விற்பனையாளருக்கு எழுத்தில் கேளுங்கள், சார்ஜ்பேக் (வங்கி வழியாகப் பணத்தைத் திரும்ப எடுக்கும் கோரிக்கை) வந்தால் அவர்களுக்கும் தனிக் கட்டணம் விழும் என்பதால், கடைசித் தவணையையாவது பலர் தந்துவிடுகிறார்கள். உண்மையிலேயே வேறொருவர் உங்கள் கார்டைப் பயன்படுத்தியிருந்தால் மட்டும், தயங்காமல் மோசடி என்றே சொல்லிக் கார்டை முடக்குங்கள்.

புதிய கார்டு வாங்கினால் போதும் என்று நம்புவது

விசா, மாஸ்டர்கார்டு இரண்டுக்கும், மாறிய கார்டு எண்ணையும் காலாவதித் தேதியையும் பதிவு செய்துகொண்ட விற்பனையாளர்களுக்குத் தெரிவிக்கும் சேவை இருக்கிறது. உங்கள் வங்கி அதில் சேர்ந்திருந்தால், பழைய சந்தா புதிய கார்டிலும் வந்து அமர்ந்துகொள்ளும். அந்த விற்பனையாளரின் தொடர்கட்டணத்தை மட்டும் நிறுத்தும்படி வங்கியிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

காலக்கெடுவைத் தவறவிடுவது

இவ்விரு வலையமைப்புகளிலும் பெரும்பாலான மறுப்புகளுக்கு 120 நாட்களே கெடு. வங்கியோ நாட்டுச் சட்டமோ வைக்கும் கெடு அதைவிடக் குறுகியதாகவும் இருக்கலாம். என் எட்டு மாதங்களில் பாதி, நான் தொலைபேசியை எடுக்கும் முன்பே கைவிட்டுப் போயிருந்தது.

கோபத்தில் முழு பில்லையும் கட்டாமல் விடுவது

வேண்டாம். மறுக்காத தொகைக்கு வட்டி ஏறும்.

தற்காலிக வரவைத் தீர்ப்பாக எண்ணுவது

வங்கி வரவு வைத்தவுடன் பணம் திரும்பிவிட்டது என்று எண்ணி நான் அதைச் செலவழித்துவிட்டேன். அது திரும்பப் பற்று வைக்கப்பட்ட மாதத்தில் பில்லை முழுமையாகக் கட்ட முடியாமல் வட்டியும் சேர்ந்தது. விசாரணை முடிந்துவிட்டதாக வங்கி எழுத்தில் தெரிவிக்கும்வரை, அந்தத் தொகை இன்னும் வழக்கில் இருக்கிறது என்றே கணக்கில் குறித்து வையுங்கள்.